மாலைப் பொழுதும் மரச் சித்திரமும்

தூரிகை பிடித்தறியாதவர் ஓவியத்தைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என்று சிலர் வினவலாம். யாம் தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கரேயன்றி ஓவியம் பயின்றவர் அல்லோம். எனினும், சென்ற ஆண்டு ஒரு படத்தின் முன் நின்று யாம் செய்த பிழை ஒன்று இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. அப்பிழையை எம்போன்ற மாணாக்கர் பலரும் செய்து வருகின்றனர் என்பது எம் எண்ணம். ஆதலின், அதனை மறையாது கூறி, அதன்பின் யாம் தெளிந்தது இன்னதென்பதையும் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எம் வகுப்பினர் ஒருநாள் மாமல்லபுரம் காணப் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்லும்போது, ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் சிற்றூரில் சிறிது நேரம் இறங்கினோம். அவ்வூரின் வரலாறு இளைஞர் யாவரும் அறியத்தக்கது. சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957 முதல் 1967 வரை தலைவராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர் அவர்கள், தம் மாணவரையும் நண்பரையும் ஒருங்கு கூட்டி, 1966-ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். அக்காலத்தில் ஈஞ்சம்பாக்கம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மணற்பாங்கான கடற்கரையூர். ஓவியம் விற்று உயிர் வாழ்தல் அரிதாயிருந்த காலம் அது. ஆதலால் அவ்விளைஞர்கள், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணிகளையும் வேறு பல கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டே நிலம் வாங்கிக் குடியேறினர். பிறர் கொடையை எதிர்பாராமல், தம் கைத்தொழிலால் வயிறு வளர்த்துத் தம் கலையைக் காத்தனர். 2009-ஆம் ஆண்டில் அங்கே ஒரு காட்சிசாலையும் திறக்கப்பெற்றது.

அச்சிற்றூரிற் கண்ட படங்களுள் ஒன்று மாலை வெளிச்சத்தில் நிற்கும் மரங்களைப் பற்றியது. வரைந்தவர் பெயரை யாம் குறித்துக்கொள்ளவில்லை. அதுவும் எம் கவனமின்மையே. கித்தானில் தைல வண்ணத்தால் எழுதப்பட்ட அப்படத்தில் ஐந்தாறு அடிமரங்கள் நின்றன. அவை ஊதா நிறம் பூண்டிருந்தன. இலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. மேற்புறத்தில் புகைபோன்ற கருமை மட்டும் படர்ந்திருந்தது. மரங்களுக்குப் பின்னே செம்மஞ்சள் நிறம் தடிப்பாக அப்பப்பட்டிருந்தது. தரையோ நீலம். எம் தோழர் ஒருவர், “காடு தீப்பற்றி எரிகின்றதோ?” என்றார். மற்றொருவர், “எம் வீட்டுச் சிறுவன் இதனினும் நன்றாக எழுதுவான், அவன் மரம் எழுதினால் இலையாவது இருக்கும்,” என்றார். யாவரும் சிரித்தோம், யாமும் சிரித்தோம். அப்படத்தின் முன் யாம் நின்ற நேரம் அரை நிமிடத்துக்கு மேல் இராது.

அன்று பகலெல்லாம் மாமல்லபுரத்தில் கோயில்களையும் இரதங்களையும் கண்டு களைத்தோம். மாலையில் ஊருக்குத் தென்புறத்திலுள்ள ஒரு சவுக்குத் தோப்பில் அமர்ந்தோம். கடலில் கதிரவன் மறையும் காட்சியைக் காணலாமென்று சிலர் கிழக்கு நோக்கியே அமர்ந்திருந்தனர்! நம் கடற்கரை கீழைக் கடற்கரை; இங்கே ஞாயிறு கடலில் எழுமேயன்றிக் கடலில் விழாது. இதனைப் புத்தகத்திற் படித்தறிந்த எமக்கு, கண்ணால் அறியும் வழக்கம் இல்லாமற் போயிற்று. பிறகு யாவரும் மேற்கே திரும்பினோம். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அப்பால், திருக்கழுக்குன்றம் இருக்கும் திசையில், வானம் பழுத்திருந்தது. அவ்வொளி தோப்பின் ஊடே எம்மை நோக்கிப் பாய்ந்தது. அப்பொழுது யாம் கண்டதென்ன? அடிமரங்கள் கபில நிறமாக இல்லை, ஊதாவாக இருந்தன. இலைகள் தனித்தனியே தோன்றவில்லை. புகைபோல் ஒரு கருமை மட்டும் மேலே நின்றது. மரங்களின் நிழல் கடலை நோக்கி நீண்டு கிடந்தது. அந்நிழல் விழுந்த மணல் கறுப்பாக இல்லை; நீலமாக இருந்தது. காலையில் யாம் எள்ளி நகைத்த படம் அங்கே எம் கண்முன் விரிந்து கிடந்தது. சற்று நேரம் எவரும் பேசவில்லை.

இவ்வுண்மையைப் பின்னர் இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவரிடம் வினவினோம். அவர் கூறிய விளக்கம் எளியது. மாலையில் கதிரவன் ஒளி காற்றுமண்டலத்தினூடே நெடுந்தொலைவு கடந்து வருகின்றது. அவ்வழியில் நீலக் கதிர்கள் பெரிதும் சிதறிப்போக, செம்மையும் மஞ்சளுமே நம்மை வந்தடைகின்றன. நேரொளி படாத நிழலிடத்துக்கோ, மேலே விரிந்த நீல வானின் ஒளியே கிடைக்கின்றது. ஆகவே மாலை நிழல் நீலமாகத் தோன்றுதல் இயல்பு. மேலும், வெளிச்சம் குறையுந்தோறும் நம் கண் தொழில் செய்யும் முறையே மாறிவிடுகின்றதாம். நுட்பமான உருவங்களையும் பல நிறங்களையும் பிரித்தறியும் ஆற்றல் ஓய்ந்து, ஒளி இருள் என்னும் வேறுபாட்டை அறியும் ஆற்றலே மிஞ்சுகின்றது. அந்தி மயங்கும்போது செந்நிறம் முதலிற் கருகிப்போகும்; நீலம் பின்னும் சிறிது நேரம் ஒளிரும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை ஆராய்ந்துரைத்தார். சவுக்கு மரத்தில் இலைபோல் தோன்றுவன உண்மையில் மெல்லிய கிளைகளே என்று தாவர நூலார் கூறுவர். அதனை நண்பகலிலேயே பலர் அறியார். மாலையில் யார் காண்பார்?

ஆகவே இலையின்றி மரத்தை எழுதிய அவ்வோவியர் பொய் எழுதவில்லை. தாம் கண்டதையே எழுதினார். பொய்யர் யாமே. ‘மரமென்றால் அடி கபிலம், இலை பச்சை, நிழல் கறுப்பு’ என்று சிறுவயதில் வண்ணப் புத்தகத்திற் பயின்ற பாடத்தைக் கண்ணுக்குத் திரையாகக் கட்டிக்கொண்டு, அத்திரையோடு ஒவ்வாத யாவற்றையும் பிழையென்றோம். ஹாலந்து நாட்டு ஓவியர் பீட் மோண்ட்ரியான் 1908-க்கும் 1910-க்கும் இடையே ஓர் ஆப்பிள் மரத்தை எழுதினார். நீலப் பின்புலத்தில் அம்மரம் செக்கச் செவேலென்று நிற்கும். அப்படத்துக்கு அவர் இட்ட பெயரில் மரத்துக்கு முன்னே மாலைப்பொழுது நிற்கின்றது என்பது நோக்கத்தக்கது. அவர் எழுதியது ஒரு மரத்தை மட்டுமன்று. ஒரு பொழுதையும் ஆகும்.

இவ்விடத்தில், தமிழ் பயிலும் மாணாக்கர் நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததை நாம் முதலாண்டிலேயே பயில்கின்றோம். மரத்தை அவர் தெய்வம், உணவு, விலங்கு, பறவை முதலியவற்றோடு கருப்பொருளுள் வைத்தார். அவ்விரண்டும் எதன் பொருட்டு? உரிப்பொருளாகிய மக்கள் உணர்ச்சி விளங்குதற்பொருட்டு. ஒரு முல்லைப் பாட்டைப் படிக்கும்போது, ‘இம்மரத்தில் எத்தனை கிளை? இலையின் நீளம் யாது?’ என்று நாம் வினவுவதில்லை. காடும் காரும் மாலையும் கூடியவிடத்தில், வருவேனென்று சொல்லிச் சென்ற தலைவனுக்காக ஒருத்தி ஆற்றியிருக்கின்றாள் என்பதை அறிந்து உருகுகின்றோம். பாட்டிற் பூத்த ஒரு கொம்பைக் கண்டவுடனே நிலத்தையும் பொழுதையும் உள்ளத்தையும் சேர்த்துணரும் பயிற்சி நமக்கு இருக்கின்றது. அதே பயிற்சியுடைய நாம், மாலை வெளிச்சத்தில் நிற்கும் மரங்களைக் கித்தானிற் கண்டவுடன், ‘இஃது என்ன மரம்?’ என்று கேட்டுவிட்டு நடக்கின்றோம். சொல்லால் எழுதினால் திணை, வண்ணத்தால் எழுதினால் கிறுக்கல் என்பது என்ன நியாயம்?

செங்கற்பட்டு மாவட்டத்தார் இதில் ஒரு தனிப்பேறு பெற்றவர். தொல்காப்பியர் முல்லைக்கு வகுத்த சிறுபொழுது மாலை. நெய்தலுக்கு வகுத்தது எற்பாடு. எற்பாடு என்பது கதிரவன் சாயும் பொழுதெனப் பழைய உரையாசிரியர் கொண்டனர். ஐந்திணையுள் இவ்விரண்டுமே பகலின் முடிவைத் தமக்கு உரிமையாகக் கொண்டவை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதற்குள் கொளவாய் ஏரியும், புதர்க்காடு போர்த்த குன்றுகளும், திருக்கழுக்குன்றத்து மலையும், பனந்தோப்பும், சவுக்குத் தோப்பும், உப்புக்காற்று வீசும் மணலும் அடுத்தடுத்து வருகின்றன. மேய்ச்சல் மாடு திரும்பும் மாலையையும், மீன்வலை உலரும் எற்பாட்டையும் ஒரே நாளில் ஒருவர் காணலாம். முன்னதன் உரிப்பொருள் இருத்தல். பின்னதன் உரிப்பொருள் இரங்கல். யாம் கண்ட படத்தில் மாந்தர் எவரும் இலர். எனினும், அவ்வூதா மரங்களுக்கிடையே யாரோ ஒருவர் காத்திருந்து சென்றுவிட்டாற்போன்ற ஒரு வெறுமை இருந்தது. அது முல்லையோ நெய்தலோ என்று வாதிடலாம். வெறும் கிறுக்கல் என்று தள்ளுதல் கூடாது.

பல்லவர் காலத்துச் சிற்பிகளும் இப்பாடத்தையே நமக்குக் கற்பிக்கின்றனர். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெருஞ்சிற்பத்தை நோக்குக. யானையும் குட்டியும், வேடரும் முனிவரும் நிறைந்த ஒரு காடே அங்குக் கல்லில் எழுந்துள்ளது. தன் பின்காலால் முகத்தைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்றுண்டு. அரசனும் தேவரும் நிறைந்த அப்பேரவையில் அம்மானுக்கு என்ன வேலை? சிற்பி அதனைக் கண்டான், கண்டதை விட்டுவிட மனம் வரவில்லை, அவ்வளவே. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறப்பவனையும், கன்றை நக்கும் பசுவையும் அவ்வாறே கண்டு செதுக்கினர். காணுதலே அவர் கலைக்கு வேர். அவ்வேரிலிருந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழிந்தபின், அதே கடற்கரைச் சாலையில் எழுந்த ஒரு தளிரே இப்புதுமுறை ஓவியம் என்று கூறின் அது மிகையாகாது.

‘எனினும் இது மேனாட்டார் முறையன்றோ? தைல வண்ணமும் கித்தானும் சட்டமும் அவர் கொண்டுவந்தவையல்லவோ?’ என்று சிலர் மறுப்பர். ஆம், அவர் கொண்டுவந்தவையே. நசுக்கினால் வண்ணம் வெளிவரும் தகரக்குழாயை 1841-இல் அமெரிக்கரான ஜான் ராண்டு என்பார் கண்டுபிடித்த பின்னரே, மேனாட்டு ஓவியர்க்கு அறையை விட்டு வெளியே சென்று மாலையொளியில் நின்று தைல வண்ணத்தால் எழுதுதல் எளிதாயிற்று. சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் ஓவியப் பள்ளியைத் தொடங்கியது 1850-இல். அதற்கு முதல் இந்தியத் தலைவராகத் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தது 1929-இல். இவற்றையெல்லாம் மறுப்பாரில்லை. ஆனால், வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் அயலதாகிவிடுமோ?

அன்று மாலை யாம் அமர்ந்திருந்த தோப்பையே சான்றாகக் கொள்ளலாம். சங்கப் புலவர் புன்னையைப் பாடினர், தாழையையும் ஞாழலையும் பனையையும் பாடினர், சவுக்கைப் பாடிற்றிலர். என்னை? அன்று நம் கரையில் சவுக்கு இல்லை. கீழ்க்கடல் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிய அம்மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகின்பொருட்டுச் சென்னைக் கரையோரம் பெருந்தோப்புகளாக வளர்க்கப்பட்டது. இன்று அதன் நிழலில் வலை பின்னுவோர் அதனை அயல்மரம் என்று கருதுவதில்லை. அதன் விறகு நம் அடுப்பில் எரிகின்றது. அதன் கழி நம் பந்தலைத் தாங்குகின்றது. அதனூடே வீசும் காற்றின் ஓசையே நம் கடற்கரையின் ஓசையாகிவிட்டது. கடல்வழி வந்த வித்து நம் மணலில் வேரூன்றி நம் நீரைப் பருகினால், அது நம் மரமே. கிறிஸ்தவர்களாகிய யாம் இதனை எம் சமயத்தைக் குறித்து அடிக்கடி கூறுகின்றோம். சமயத்துக்குக் கூறும் அந்நியாயத்தை ஓவியத்துக்கு மட்டும் மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இதனைக் கூறும்போது, எம் இல்லச் சுவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எம் பாட்டியார் வீட்டுக் கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு வசன நாட்காட்டி தொங்கும். அதில் திருமறை வசனத்துக்குப் பின்னே பனிமூடிய மலையும், ஊசியிலை மரங்களும், பச்சைப் புல்வெளியும் காட்சியளிக்கும். அவை நம் நாட்டு மரங்கள் அல்ல. ஆண்டவர் நடந்த நாட்டு மரங்களும் அல்ல. அவர் கண்டவை ஒலிவமும் அத்தியும் பேரீச்சும் அன்றோ? சகேயு ஏறிய மரத்தைத் தமிழில் ‘காட்டத்தி’ என்று பெயர்த்தெழுதிய பெரியோர், நம்மவர் அறிந்த ஒரு மரப்பெயரைத் தேடிக் கண்டனர். அச்சொல்லைக் கேட்ட பாட்டியார்க்குச் சகேயு தம் ஊர்க்காரனாகிவிட்டான். படங்களை அச்சிட்டோர்க்கு அக்கவலை இல்லை. ஆதலால், சொல்லில் நம் மரத்தடியில் வந்து நின்ற திருமறை, சுவரில் மட்டும் இன்னும் பனிமலைக்கு அப்பால் நிற்கின்றது. அழகான இயற்கைக் காட்சி என்றாலே பனியும் ஊசியிலையும் என்று எண்ணி வளர்ந்த கண்ணுக்கு, நம்மூர்ப் பனையும் சவுக்கும் எழுதத்தக்க பொருளாகத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை. அன்று படத்தின் முன் எம்மைச் சிரிக்கச் செய்தவற்றுள் இதுவும் ஒன்று.

புதுமுறை ஓவியம் யாவும் நன்று என்று யாம் வாதிக்கவில்லை. புதுமை என்னும் போர்வையில் கைப்பழக்கமின்மையை மறைப்பாரும் உளர். விளங்காமையையே ஆழமென்று காட்டுவாரும் உளர். செய்யுளிலும் இத்தகையோர் உண்டு. அவர்பொருட்டு நாம் செய்யுளைக் கைவிடுவதில்லை. நல்லோவியத்தை அறிதற்கு ஒரு வழி, வரைந்தவர் முதலிற் கண்டாரா என்று நோக்குதல். பணிக்கர் அவர்கள் எழுத்தும் குறியும் நிறைந்த தம் புகழ்பெற்ற படங்களை 1963-ஆம் ஆண்டு முதற்கொண்டே எழுதினார். அதற்குமுன் பல ஆண்டுகள் நீர்வண்ணத்தில் நீர்க்கரைகளையும் தென்னைகளையும் எழுதித் தேர்ந்தவர் அவர். கே. எம். ஆதிமூலம் அவர்கள் (1938–2008) பிற்காலத்தில் நிலத்தையும் ஒளியையும் வெறும் வண்ணப் பரப்புகளாகவே எழுதினார். மரமென்றோ மலையென்றோ விரல் வைத்துக் காட்ட அவற்றில் ஒன்றும் இராது. ஆனால், 1969-ஆம் ஆண்டில் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய கோட்டோவியங்களைக் கண்டவர், அக்கைக்கு உருவம் எழுதத் தெரியாது என்று கூறார். தெரிந்தே விட்டார், தெரியாமல் விடவில்லை. சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகிய எஸ். ஜி. வாசுதேவ் அவர்கள் ‘விருட்சம்’ என்னும் பெயரில் மரத்தையே பொருளாகக் கொண்டு ஒரு வரிசை எழுதினார். ஒரே பொருளை மீண்டும் மீண்டும் எழுதுதல், அப்பொருளோடு நெடுநாள் பழகினார்க்கே கூடும்.

இவையெல்லாம் சுவையுடையார்க்கு மட்டும் உரிய பேச்சு என்று எவரும் கருதற்க. காணுதலுக்கும் காத்தலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பிரான்சு நாட்டு ஓவியர் மோனே 1891-ஆம் ஆண்டில் எப்து ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பாப்லர் மரங்களைப் பல பொழுதுகளில் எழுதிவந்தார். அவர் பணி முடியுமுன்னரே அம்மரங்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலமெடுத்த மரவணிகனுக்குத் தம் கைப்பொருளைக் கொடுத்து, எழுதி முடிக்கும்வரை வெட்டாதிருக்கச் செய்தார். அதே நாட்டில் பொந்தேன்புளோ காட்டில் தங்கி மரங்களை எழுதிவந்த தியோடர் ரூசோ முதலிய ஓவியர்கள் அரசரிடம் முறையிட்டனர். அதன் பயனாக, அக்காட்டில் ஆயிரம் எக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 1861-ஆம் ஆண்டில் வெட்டாமற் காக்குமாறு ஆணையிடப்பட்டது. முதலில் கண்ணால் நேசித்தவர் பின்னர்க் கையால் காத்தனர்.

அயல்நாடு வரையிற் போவானேன்? நம் மாவட்டத்து வேடந்தாங்கலே தக்க சான்று. அவ்வூரார் தம் ஏரியில் வந்து தங்கும் பறவைகளைச் சுடுவோரிடமிருந்து காக்கும் உரிமையை, கலெக்டர் லயனல் பிளேஸ் என்பாரிடம் 1798-ஆம் ஆண்டிற் பெற்றனர். 1858-ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர் அறிந்திருந்தனர் என்பது மெய்யே. ஆனால், நாள்தோறும் மாலையில் மரங்களை நோக்கித் திரும்பும் கூட்டத்தைப் பார்த்துப் பழகியவர்க்கன்றி அந்நுட்பம் புலப்படுமோ? நீரில் நிற்கும் மரங்கள், மரங்களில் அடையும் பறவைகள், பறவைகளை வெடியோசையால் வெருட்டாது தீபாவளி கொண்டாடும் மக்கள் — இவற்றுள் எது முதல், எது முடிவு என்று பிரிக்க இயலாது.

இன்று கடற்கரைச் சாலையின் இருமருங்கும் நாளுக்கொரு மதில் எழுகின்றது. நேற்றுப் பனை நின்றவிடத்தில் இன்று மனைக்கல் நிற்கின்றது. வீடு கட்டுவோரையோ நிலம் விற்போரையோ குறைகூறல் எம் கருத்தன்று. மக்கள் எங்கேனும் குடியிருக்கத்தானே வேண்டும்? எம் குறை எம்மீதே. ஒரு மரம் விழும்போது, ‘இங்கே மாலையில் இவ்வாறொரு நிழல் விழுந்ததே!’ என்று நினைவுகூர்வார் ஒருவரும் இலராயின், அதனைக் காக்கச் சொல்வார் யாருளர்? காணாத கண்ணுக்கு இழப்பும் தெரியாது. ஓவியர் ஒருவர் எழுதிவைத்த படமே அங்கே நின்ற மரத்துக்கு எஞ்சிய ஒரே சான்றாகும் நாள் வரலாம். அது நல்ல நாளாகாது. படம் மரத்துக்குத் துணையாய் இருக்க வேண்டுமேயன்றிக் கல்லறைக் கல்லாய் இருத்தல் கூடாது.

திருமறையில், பெத்சாயிதா ஊரில் ஆண்டவர் ஒரு குருடனைக் குணப்படுத்திய செய்தி மாற்கு எழுதின சுவிசேஷத்தில் வருகின்றது. ஆண்டவர் முதலில் அவனைத் தொட்டு, ‘என்ன காண்கின்றாய்?’ என்று வினவியபோது, நடக்கிற மனிதர் தனக்கு மரங்களைப்போலத் தோன்றுவதாக அவன் கூறினான். ஆண்டவர் அவனை நகைக்கவில்லை; கடிந்துகொள்ளவும் இல்லை. மீண்டும் ஒருமுறை தொட்டார். அவன் யாவற்றையும் தெளிவாகக் கண்டான். அவனுக்குப் பேருதவியாய் நின்றது அவனது உண்மையே. தெளிவாகத் தெரிகின்றது என்று அவன் பொய் கூறியிருப்பின், பாதிக் காட்சியோடே வீடு திரும்பியிருப்பான். ஆகவே, ஒரு படத்தின் முன் நின்று, ‘எமக்கு நிறமே தெரிகின்றது, மரம் தெரியவில்லை,’ என்று உண்மையாகக் கூறுதல் இழிவன்று. அது காட்சியின் முதற்படி. அவ்விடத்திலேயே சிரித்துவிட்டு நடந்துவிடுதல்தான் இழிவு. யாம் அன்று செய்தது அதுவே.

நம் கல்லூரியார்க்கு யாம் விடுக்கும் விண்ணப்பம் சிறியது. நம் மண்டபச் சுவர்களில் பெரியோர் படங்கள் தொங்குகின்றன, அவை தொங்கட்டும். அவற்றோடு, இம்மாவட்டத்து மரத்தையோ ஏரியையோ கரையையோ எழுதிய இக்கால ஓவியர் ஒருவரின் படம் ஒன்றேனும் இடம்பெறுக. அது விளங்கவில்லை என்று மாணாக்கர் சொல்லட்டும். சொல்லிக்கொண்டே நான்காண்டுகள் அதனைக் கடந்து நடக்கட்டும். தமிழ்ச் சங்கத்தார் ஆண்டுக்கு ஒருமுறையேனும், நூலும் குறிப்பேடும் இன்றி, மாணாக்கரை ஒரு மாலைப்பொழுதில் கொளவாய் ஏரிக்கரைக்கோ மாமல்லபுரத்து மணலுக்கோ அழைத்துச் செல்க. பழைய மாணவர்களுள் பொருள் வல்லவர் இருப்பின், விருந்துச் செலவில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குவாராக.

இவ்வளவும் கைகூடாவிடினும், படிக்கும் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒன்று செய்யலாம். நாளை மாலை விடுதிக்குத் திரும்பும்போது, நம் வளாகத்து மரம் ஒன்றன் கீழ் ஐந்து நிமிடம் நின்று, அதன் நிழல் என்ன நிறமென்று பார்க்கலாம். கறுப்பு என்று சொல்வதற்கு முன் மறுமுறையும் பார்க்க வேண்டுகின்றோம்.